சண்டேயும் கரெக்ட்டும்

ஆங்கிலப் பாடத்தில் சொற்களை ஜோடியாகக் கொடுத்து, பொருளிலும் பயன்பாட்டிலும் உள்ள வேறுபாட்டை எழுதச் சொல்வது உண்டு. ஹியர், லிசன். சீ, லுக். அண்ணன் தம்பி போல முகச்சாயல் உள்ள சொற்களாகத்தான் கொடுப்போம். தா.பழூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தலைமுடி நரைத்த பிறகும் நான் இதைத்தான் சொல்லிக்கொடுத்து வருகிறேன். சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களைக் கேள்வித்தாளில் போட்டு ஒப்பிடச் சொன்னால், பிள்ளைகள் விட்டாலும் பெற்றோர் விடமாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு ஜோடி வீட்டுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. சண்டே, கரெக்ட். பக்கவாதம் வந்த பிறகு என் மனைவியிடம் மிஞ்சிய சொற்கள் இந்த இரண்டும்தான்.

அரியலூரில் நாங்கள் இருக்கும் வீட்டின் முன்னறையில் அவள் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஜாக்கெட்தான் முக்கிய வேலை. ஒரு நாள் காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தம் பாதியில் நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், ஸ்டூலிலிருந்து வலப்பக்கமாகச் சரிந்து, தைத்த துணி கையில் சிக்கியபடி கிடந்தாள். எங்களுக்கு ஒரே மகள். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் போனில் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். முதலில் இங்கே உள்ள ஆஸ்பத்திரி, பிறகு திருச்சி. உயிர் தப்பியது. வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சு நின்றுபோனது. "வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்வதற்கு எதற்கு இத்தனை படிப்பு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சில நாட்கள் கழித்து, வார்டில் தண்ணீர் டம்ளரை நீட்டி வேண்டுமா என்று கேட்டபோது, அவள் வாய் கோணி, உதடு நடுங்கி, தெளிவாக ஒரு சொல் வந்தது. "சண்டே" என்றாள். அன்று புதன்கிழமை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெளியே போய், குடிநீர்க் கேன் வைத்திருந்த மூலையில் நின்று அழுதேன். மறுநாள் "கரெக்ட்" வந்தது. இனி வரிசையாக வந்துவிடும் என்று நம்பினோம். மூன்றாவது சொல் வரவேயில்லை.

ஏன் இந்த இரண்டும் என்று யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்கிற எல்லாப் பெண்களுக்கும் அவள் சொன்ன பதில் ஒன்றுதான், சண்டே வாங்க. எந்த சண்டே என்று அவளும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. வந்து போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் திரும்பி நிற்கும்போது, தோள்பட்டையை இழுத்துவிட்டு, கரெக்ட் என்பாள். ஒரு நாளில் எத்தனை தடவை இரண்டையும் சொல்லியிருப்பாளோ. விக்கிரமங்கலத்தில் எட்டாவது வரை படித்து, இங்கிலீஷ் வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் படிப்பை நிறுத்தியவள். பிறந்ததிலிருந்து பேசிய தமிழ் முழுவதும் போய், வராத இங்கிலீஷில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்த சக ஆசிரியர் ஒருவர், "வாத்தியார் சம்சாரம்னு காட்டிட்டாங்க சார்" என்றார். ஆறுதலாகச் சொல்கிறாராம். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. சொல்லுக்கு அர்த்தம் அகராதியில் இல்லை, உபயோகத்தில்தான் இருக்கிறது என்று வகுப்பில் வாய் வலிக்கச் சொல்பவன் நான். ஆகவே உபயோகத்தைக் கவனித்தேன். தண்ணீர் குடித்து முடித்ததும் சண்டே. போன கரண்ட் திரும்பி வந்ததும் சண்டே. சாயங்காலம் மகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் சண்டே. இட்லி போதும் என்று தட்டைத் தள்ளும்போது கரெக்ட். பிசியோதெரபிக்காரர் கையை மடக்கும்போது கரெக்ட். அவளுடைய அண்ணன், என் மச்சான், பக்கத்தில் உட்கார்ந்து "எல்லாம் சரியாப் போயிடும் தங்கச்சி" என்று சொல்லும்போது கரெக்ட். கொஞ்ச நாளில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. சண்டே என்றால் விருப்பம், கரெக்ட் என்றால் வேண்டாம். தலைகீழாக இருந்தாலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்தேன். ஒழுங்கு இருந்தால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் காலையில் எழுந்து பல் தேய்த்தேன்.

பொருந்தாத உதாரணங்களும் இருந்தன. வயிற்றுவலியில் துடித்த ஒரு நாள் அவள் சண்டே சண்டே என்று அரற்றினாள். அதை விதிவிலக்கு என்று ஒதுக்கினேன். ஆங்கிலத்தில் எந்த விதிக்குத்தான் விதிவிலக்கு இல்லை?

இதற்கிடையில் எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி அடிக்கடி வர ஆரம்பித்தாள். மனைவியிடம் துணி தைத்துக்கொண்டிருந்தவள்தான். முதலில் பார்த்துவிட்டுப் போக வந்தாள். பிறகு ஒரு நாள் கொல்லைப்பக்கத்திலிருந்து நான் உள்ளே வரும்போது, கட்டில் ஓரம் குனிந்து, "அக்கா, எம் மவனுக்கு அந்த சிமெண்ட் ஃபேக்டரி வேலை கெடைக்குமா? ஒரு வாக்கு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி, "சண்டே" என்றாள். அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கூடவே ஒரு வெற்றிலையையும் கட்டிலில் வைத்திருந்தாள். விசாரித்ததில், தெருவில் இன்னும் இரண்டு மூன்று பேர் இப்படி வந்து கேட்டுவிட்டுப் போனதாகத் தெரிந்தது. பேச்சு அடங்கியவர்கள் வாயில் சாமி வந்து பேசும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

"இது ஆஸ்பத்திரிலேந்து வந்த மனுசி. குறி சொல்ற கோயில் இல்ல. இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றேன்.

"ஏன் சார் கோவப்படறீங்க, நல்ல வாக்குதானே கேட்டேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். நான் அந்த வெற்றிலையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அந்தக் கோபத்துக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பது மகளுக்குக் குவைத்திலிருந்து வேலை வந்தபோது தெரிந்தது.

அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எப்போதோ எழுதிய பரீட்சை, அம்மா படுத்த பிறகு மறந்தே போயிருந்த ஒன்று. போவதா இல்லையா என்று சீக்கிரம் பதில் சொல்லியாக வேண்டும். அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் என்னிடம் விவரத்தைச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினாள். பகலெல்லாம் பெரம்பலூரில் அடுத்தவர்களுக்குச் செய்யும் வேலையை வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் செய்துகொண்டிருந்தவள் அவள். குளிப்பாட்டுவது, புரட்டிப்போடுவது, மலம் அள்ளுவது எல்லாம் அவள் கைதான். வயது இருபத்துச் சொச்சம். அவள் போக வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்றும் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதுவரை அத்தனை பயம் எனக்கு வந்ததில்லை.

"நீங்க சொல்லவேணாம், நானும் சொல்லல. அம்மாவக் கேப்போம்ப்பா. அம்மா சொல்றபடி செய்றேன்" என்றாள் மகள்.

நான் தலையாட்டினேன். எதிர்வீட்டுப் பெண் குனிந்து நின்ற அதே இடத்தில் இரண்டு பேரும் போய் நின்றோம்.

"அம்மா, குவைத்துல வேலை வந்திருக்கும்மா. போவட்டுமா? நீ வேணாம்னா இங்கயே இருந்துடறேன். நெசமாத்தான் சொல்றேன்."

என் மனைவி மகளை வெகுநேரம் பார்த்தாள். ஃபேன் காற்றில் முகத்தில் விழுந்த முடியை இடது கையால் ஒதுக்கிக்கொண்டாள். பிறகு "கரெக்ட்" என்றாள்.

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். நான், "வேணாங்கறா" என்றேன்.

"என்னப்பா சொல்றீங்க? கரெக்ட்னு சொல்றாங்க."

"அந்த வார்த்தைய அவ எதுக்குச் சொல்றான்னு நீ பாத்ததில்லயா? இட்லியத் தள்றப்ப என்ன சொல்றா?"

"இட்லியும் நானும் ஒண்ணாப்பா?"

நான் விடவில்லை. உதாரணங்களை அடுக்கினேன். பிசியோதெரபி, மச்சான், கரண்ட். அவளும் விடவில்லை. ஜாக்கெட் பொருந்தி நின்றால் அம்மா என்ன சொல்வாள், அந்தச் சந்தோஷம் அந்தச் சொல்லில் இல்லையா என்று கேட்டாள். உங்களுக்கு நான் இங்கே இருக்க வேண்டும், அதனால்தான் உங்கள் காதில் அப்படி விழுகிறது என்றாள். உனக்குப் போக வேண்டும், அதனால்தான் உன் காதில் இப்படி விழுகிறது என்றேன். இரண்டும் உண்மை. நடுவில் படுத்திருந்தவள் எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இருக்கிறாள் என்பதையே மறந்துவிட்டுச் சண்டை போட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் விக்கிரமங்கலத்திலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுல என்ன மாப்ள குழப்பம்? நம்ம கொலசாமி கோயில்ல பூக்கட்டிப் பாத்துடுவோம். செவப்பு வந்தா போவட்டும், வெள்ள வந்தா இருக்கட்டும்" என்றார். பொட்டலமாகக் கட்டிய இரண்டு பூக்களைச் சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கம். கல்யாணம், நிலம், எல்லாவற்றுக்கும் பார்ப்பார்கள்.

"சாமிய ஏன் கேக்கணும் மாமா? அம்மாதான் இருக்காங்களே" என்றாள் மகள்.

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடைசியில், விஷயம் தெரிந்தவர்களையே கேட்போம் என்று ஒரு கார் வைத்துத் திருச்சிக்குப் போனோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருவரிடம் மகள் நேரம் வாங்கியிருந்தாள். சின்ன வயதுதான், நிதானமாகப் பேசினார். மேஜையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து, "இது பேனாவாம்மா? ஆமான்னா தலையாட்டுங்க" என்றார். மனைவி தலையாட்டினாள். நான் மகளைப் பெருமையோடு பார்த்தேன். அடுத்து ஒரு சீப்பை எடுத்து, இது பேனாவா என்று கேட்டார். அதற்கும் தலையாட்டினாள். என்னைக் காட்டி, இவர் உங்கள் அண்ணனா என்றார். தலையாட்டினாள். அந்தப் பெண் சீப்பை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"சார், அவங்க மனசுல ஒண்ணு நினைப்பாங்க. அது வாய்க்கு வர்றப்ப இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணா வந்து விழுது. எது விழும்னு அவங்களுக்கே தெரியாது. தலையாட்டுறதும் அப்படித்தான். தயவுசெஞ்சு வார்த்தைய வச்சு எந்த முடிவும் எடுத்துடாதீங்க."

"நாம பேசுறது அவளுக்குப் புரியுதா?"

"நிறையப் புரியும்னுதான் நினைக்கிறேன். எவ்வளவுன்னு என்னால சொல்ல முடியாது சார்."

நான் கட்டிய இலக்கணமெல்லாம் அந்த அறையில் உதிர்ந்தது. அதுகூடப் பரவாயில்லை. ஏழெட்டு மாதமாக அவளோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னோடு நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் ஊற்றியிருப்பேனோ, வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் நல்லது என்று சிரித்திருப்பேனோ?

மகளுக்கு அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒரு வேலை இருந்ததால் பெரம்பலூர் வழியாகத் திரும்பினோம். பாடாலூரில் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினார் டிரைவர். மகள் பின்சீட்டில் அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு, டீயை ஆற்றி ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாலையில் சென்னைப் பக்கம் வண்டிகள் ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"அப்பா, இப்ப பெரம்பலூர்ல போயி நான் ரிசைன் பண்ணப் போறேன்" என்றாள்.

"அந்தம்மா சொன்னது கேட்டுச்சுல்ல. ஒன் அம்மா போன்னு சொல்லல."

"போவாதன்னும் சொல்லலப்பா."

ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, "கரெக்ட்னு ஒரு வார்த்தை குடுத்தாங்க. அது என்னவா இருந்தாலும் எனக்கு அது போதும். அத வச்சுக்கிட்டுப் போறேன். இல்லன்னா என்னால போவவும் முடியாது, இருக்கவும் முடியாது" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இரு என்று சொல்லியிருப்பேன். நான் இறங்கிப் போய், டீ கிளாசைக் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றுகொண்டேன். கடைக்காரர் இன்னொரு டீயா என்று கேட்டார்.

மகள் போனாள். கிளம்பும்போது அவள் அம்மா சண்டே என்றாள். இந்த முறை நாங்கள் இரண்டு பேருமே அதற்கு அர்த்தம் பார்க்கவில்லை.

இப்போது பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். காலையும் மாலையும் நான். குளிப்பாட்டவும் புரட்டவும் கற்றுக்கொண்டேன். எனக்கு வராது என்று நினைத்த வேலையெல்லாம் வந்துவிட்டது. வராதது அந்த மௌனம்தான். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம், பேச ஆளில்லை. கேள்வி கேட்பதையே குறைத்துக்கொண்டேன். அவள் வாயைத் திறந்தாலே எனக்குப் பயம். ஒரு நாள் பள்ளியிலிருந்து சீக்கிரம் வந்தேன். பார்த்துக்கொள்ளும் அம்மா கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே என் மனைவி தனியாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். சண்டே என்றாள். இல்லை என்பது போலத் தலையை ஆட்டினாள். கரெக்ட் என்றாள். திரும்பவும் தலையை ஆட்டினாள். உதட்டை வேறு மாதிரி குவித்து, மூச்சை இழுத்து, வேறு எதையோ சொல்ல முயன்றாள். சண்டே என்றுதான் வந்தது. இடது கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஒரு அடியோடு நிறுத்தவில்லை. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எந்தச் சொல்லைத் தேடினாள் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. மகளின் பேராக இருக்கலாம். என் பேராகக்கூட இருக்கலாம்.

மகள் வெள்ளிக்கிழமைகளில் வீடியோ காலில் வருவாள். அங்கே அன்று அவளுக்கு விடுமுறை. நான் போனை அம்மா முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். சாப்பாடு, வெயில், ஹாஸ்டலில் கூட இருக்கும் கேரளத்துப் பெண் என்று மகள் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். போன வாரம் அவள் முகம் சரியில்லை. கண் வீங்கியிருந்தது. உடம்புக்கு என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். "அப்பா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காம சொல்லுங்க. அன்னிக்கு அம்மா என்னப் போன்னா சொன்னாங்க, போவாதன்னா சொன்னாங்க?" என்றாள்.

போகச் சொன்னாள் என்றால், இந்த முகத்தோடு அங்கேயே கிடப்பாள். போகாதே என்றாள் என்றால், அம்மா பேச்சை மீறி வந்துவிட்டோம் என்று அதைச் சாகும் வரை சுமப்பாள். தெரியாது என்றால் அவளிடம் இருந்த அந்த ஒரு சொல்லும் போய்விடும். பழக்க தோஷத்தில் போனை மனைவி பக்கம் திருப்பி, "இந்தா, நீயே சொல்லு" என்றேன்.

"சொல்லும்மா" என்றாள் மகள்.

மனைவி திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இரண்டு சொல்லில் ஒன்று வரும் என்று காத்திருந்தேன். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள். நல்ல கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கி, கட்டிலில் குப்புறக் கவிழ்த்து, அதன்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. நாங்கள் சுமக்க முடியாததை அவள் வாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது உட்பட. உள்ளங்கைக்கு அடியிலிருந்து மகள், "அம்மா, லைன்ல இருக்கியாம்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கையை விலக்கிப் போனை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.